ஸ்ட்ரோக் வந்தால் முதலில் சி.டி. ஸ்கேன் ஏன்? அந்த மெஷினை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்ட் யார்?

திருவட்டாறு மாதிரி ஒரு ஊரில், திடீரென ஒருவருக்கு வாய் கோணி, ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொண்டால் வீட்டில் இருப்பவர்கள் முதலில் வண்டி தேடுவார்கள். மார்த்தாண்டமா, நாகர்கோவிலா, எல்லை தாண்டி திருவனந்தபுரமா என்று பேச்சு ஓடும். எங்கே போனாலும் டாக்டர்கள் உடனே எடுக்கச் சொல்வது சி.டி. ஸ்கேன்.

காரணம் இதுதான். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்தாலும் ஸ்ட்ரோக், வெடித்தாலும் ஸ்ட்ரோக். வெளியே தெரியும் அறிகுறிகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனா சிகிச்சை நேர் எதிர். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை, ரத்தக்கசிவு இருப்பவருக்குப் போட்டால் உயிருக்கே ஆபத்து. இந்த வித்தியாசத்தை மண்டையைத் திறக்காமலேயே பார்க்க வழி செய்தவர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட். அவர் டாக்டர் இல்லை, இன்ஜினியர்.

விவசாயி வீட்டுக் கடைக்குட்டி

1919 ஆகஸ்ட் 28 அன்று இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயர் பகுதியில் பிறந்தவர் ஹவுன்ஸ்ஃபீல்ட். ஐந்து பிள்ளைகளில் கடைசி. பண்ணையில் கிடந்த மெஷின்கள்தான் விளையாட்டுச் சாமான். வைக்கோல் போர் மேலிருந்து, தானே செய்த கிளைடரோடு குதித்துப் பார்த்தவர். பள்ளியில் கணக்கும் இயற்பியலும் தவிர மற்ற பாடங்களில் பெரிய ஈடுபாடு இல்லை.

இரண்டாம் உலகப்போரில் விமானப்படையில் சேர்ந்து ரேடார் வேலை கற்றார். போர் முடிந்ததும் லண்டனில் ஃபாரடே ஹவுஸ் என்ற மின் பொறியியல் கல்லூரியில் டிப்ளமோ முடித்தார். பல்கலைக்கழகப் பட்டம் அவர் வாங்கவே இல்லை.

அடுத்து இ.எம்.ஐ. நிறுவனத்தில் வேலை. பீட்டில்ஸ் பாடல்களை வெளியிட்ட அதே இ.எம்.ஐ.தான். அங்கே டிரான்சிஸ்டர் கம்ப்யூட்டர் ஒன்றை உருவாக்கிய குழுவை வழிநடத்தினார். பிறகு அவர் எடுத்த ஒரு வேலையை, லாபம் வராது என்று நிறுவனம் பாதியில் நிறுத்தியது. புதிதாக என்ன செய்யலாம் என யோசிக்க அவருக்கு நேரம் கிடைத்தது. 1967-ல் வந்ததுதான் ஸ்கேன் யோசனை.

9 நாள் பிடித்த முதல் படம்

சாதாரண எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும். அதற்குள் இருக்கும் மூளை தெரியாது. அந்தக் காலத்தில் மூளையைப் பார்க்க முதுகுத்தண்டு வழியாகக் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். நோயாளிக்குத் தலைவலி உயிர் போகும்.

ஹவுன்ஸ்ஃபீல்ட் யோசித்தது வேறு. ஒரே இடத்தைப் பல கோணங்களில் கதிரால் அளந்து, அந்த எண்களை எல்லாம் கம்ப்யூட்டரிடம் கொடுத்தால், பழத்தைக் குறுக்கே வெட்டின மாதிரி உள்ளே இருப்பது தெரியும் அல்லவா? பழைய லேத் மெஷினின் அடிப்பாகத்தில் கருவியைப் பொருத்திச் சோதனை தொடங்கியது. முதல் படத்துக்கான அளவுகளை எடுக்க 9 நாள் ஆனது. அவற்றைக் கணக்கிட்டுப் படமாக்க கம்ப்யூட்டருக்கு இரண்டரை மணி நேரம். கதிர் மூலத்தை மாற்றிய பிறகு 9 நாள், 9 மணி நேரமாகக் குறைந்தது. கசாப்புக் கூடத்தில் வாங்கிய மாட்டு மூளையையும் சோதித்துப் பார்த்தார்.

பீட்டில்ஸ் பாட்டு விற்ற காசில்தான் ஸ்கேன் பிறந்தது என்று ஒரு கதை இன்றும் சுற்றுகிறது. உண்மையில் இந்த ஆராய்ச்சிக்குப் பிரிட்டிஷ் அரசின் சுகாதாரத் துறையும் பெரிய அளவில் பணம் கொடுத்தது.

1971 அக்டோபர் 1, லண்டன் விம்பிள்டனில் அட்கின்சன் மார்லி மருத்துவமனை. மூளையில் கட்டி இருக்கலாம் என்ற சந்தேகத்தில் வந்த பெண் ஒருவரை டாக்டர் ஜேம்ஸ் ஆம்ப்ரோஸுடன் சேர்ந்து ஸ்கேன் செய்தார். படம் வெறும் 80-க்கு 80 கட்டங்கள்தான். ஆனா கட்டி எங்கே இருக்கிறது என்று தெளிவாகக் காட்டியது. அறுவை சிகிச்சை செய்தபோது கட்டி அதே இடத்தில் இருந்தது.

இன்று ஸ்ட்ரோக்கில் என்ன பார்க்கிறார்கள்?

சி.டி. படத்தின் அளவுகோலுக்கே ஹவுன்ஸ்ஃபீல்ட் யூனிட் என்றுதான் பெயர். தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000. புதிதாகக் கசிந்த ரத்தம் மூளைத் திசுவைவிட அதிக எண் காட்டும், அதனால் படத்தில் வெள்ளையாகத் தெரியும். அடைப்பு என்றால் முதல் சில மணி நேரம் ஸ்கேன் கிட்டத்தட்ட நார்மலாகவே தெரியலாம். நார்மல் என்று வந்தாலும் ஸ்ட்ரோக் இல்லை என்று அர்த்தமில்லை.

இங்கேதான் அடுத்த கட்ட ஸ்கேன்கள் வருகின்றன. நரம்பில் சாயமருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஆஞ்சியோ, எந்தக் குழாயில் அடைப்பு என்று காட்டும். சி.டி. பெர்ஃப்யூஷன் என்ற ஸ்கேன், செத்துப்போன பகுதி எது, ரத்தம் குறைந்து தவித்தாலும் இன்னும் காப்பாற்றக்கூடிய பகுதி எது என்று பிரித்துக் காட்டும்.

கட்டி கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. பெரிய குழாய் அடைத்திருந்தால் கம்பி வழியாகக் கட்டியை வெளியே எடுக்கலாம். மிச்சமிருக்கும் பகுதி இந்த ஸ்கேனில் தெரிந்தால், தகுதியான சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட இதைச் செய்ய முடிகிறது. அதற்காகத் தாமதிக்கலாம் என்று இல்லை. பெரிய அடைப்பில் நிமிடத்துக்கு சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் அழிவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

நோபல் பரிசு

1979-ல் மருத்துவ நோபல் பரிசு, இதன் கணக்கைத் தனியாகக் கண்டுபிடித்திருந்த ஆலன் கார்மக்குடன் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கிடைத்தது. 1981-ல் சர் பட்டம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் ஆராய்ச்சி ஆலோசனைகளை விடவில்லை. 2004 ஆகஸ்ட் 12 அன்று, 84 வயதில் காலமானார்.

அவர் கொடுத்த மெஷின் நோயாளிக்குப் பயன்பட, வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியவை சில உண்டு. வாய் கோணல், கை தளர்வு, பேச்சுக் குளறல், இதில் எது திடீரென வந்தாலும் 108-க்கு அழைக்க வேண்டும். கை வைத்தியம் பார்த்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. ஸ்கேன் எடுக்கும் முன் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை யார் சொன்னாலும் கொடுக்கக் கூடாது. 24 மணி நேரமும் சி.டி. ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரி பக்கத்தில் எது என்று இப்போதே விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது. நோயாளி கடைசியாக நல்லா இருந்தது எத்தனை மணிக்கு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். எந்த சிகிச்சை கொடுப்பது என்று முடிவெடுக்க டாக்டருக்கு ஸ்கேன் படத்தோடு அந்த நேரமும் தேவை.