தியோடர் ஹோவார்ட் சாமர்வெல்

தியோடர் ஹோவார்ட் சாமர்வெல் (ஏப்ரல் 16, 1890 – சனவரி 23, 1975) ஓர் ஆங்கிலேய அறுவை மருத்துவரும் மலையேறுநரும் ஆவார். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நெய்யூரில் நெடுங்காலம் மருத்துவப் பணியாற்றியவர். முன்சிறுகுடற் புண் குறித்த இவரது ஆய்வு குறிப்பிடத்தக்கது.

இளமை

இங்கிலாந்தின் கெண்டல் நகரில் காலணி உற்பத்தி செய்யும் குடும்பத்தில் பிறந்தார். கேம்பிரிட்ஜிலும் இலண்டனிலும் பயின்றார். முதல் உலகப் போரின்போது இராணுவ மருத்துவராகப் பணிபுரிந்தார்.

எவரெஸ்ட்

1922 ஆம் ஆண்டு எவரெஸ்ட் பயணத்தில் பங்கேற்றார். அப்பயணத்தில் பனிச்சரிவில் சிக்கிச் சுமைதூக்குவோர் எழுவர் இறந்தது இவரை ஆழமாகப் பாதித்தது. பயணம் முடிந்தபின் இந்தியாவைச் சுற்றிப்பார்க்கையில் நெய்யூர் இலண்டன் மிசன் மருத்துவமனைக்கு வந்தார். அங்கே ஒரே ஓர் அறுவை மருத்துவர் பெருந்திரளான நோயாளிகளைக் கவனித்து வந்ததைக் கண்டு, இலண்டனில் தொழில் புரியும் எண்ணத்தைக் கைவிட்டார். 1924 இல் மீண்டும் எவரெஸ்டில் ஏறி, உயிர்வளிக் கருவியின்றி ஏறத்தாழ 8,500 மீட்டர் உயரத்தை அடைந்தார். இறங்கும்போது பனியால் சிதைந்த தொண்டைச் சவ்வு மூச்சை அடைக்க, இறக்கும் நிலைக்குச் சென்று மீண்டார்.

நெய்யூரில் மருத்துவப்பணி

அக்காலத் தென் திருவிதாங்கூரின் ஏழை மக்களிடையே முன்சிறுகுடற் புண் மிகுதியாகக் காணப்பட்டது. இந்நோய், பித்தப்பைக் கல், கணைய அழற்சி ஆகிய மூன்றும் மேல்வயிற்றிலேயே வலியைத் தருவன. மீயொலி வருடல் போன்ற வசதிகள் இல்லாத அந்நாளில், பல வேளைகளில் வயிற்றைத் திறந்த பின்னரே நோயின் தன்மையும் கடுமையும் தெளிவாயின. முன்சிறுகுடலின் பின்சுவரை அரிக்கும் புண் கணையத்தினுள் ஊடுருவக்கூடும்; அப்போது வலி முதுகிற்கும் பரவும்.

இரைப்பையைச் சிறுகுடலுடன் இணைக்கும் அறுவையைச் சாமர்வெல் பெருமளவில் செய்தார். தாம் கண்ட நோயாளிகளைப் பற்றிய விவரங்களைத் தொகுத்து, 1936 இல் ஐ. எம். ஓர் என்பவருடன் இணைந்து 2,500 நோயாளிகளைக் குறித்த ஆய்வுக்கட்டுரையை வெளியிட்டார். மக்களின் உணவு முறையே நோய்க்குக் காரணமாகலாம் என்ற கருத்து அக்காலத்தில் நிலவியது. பெரும்பாலான குடற்புண்களுக்கு எலிக்கோபேக்டர் பைலோரி என்னும் நுண்ணுயிர் காரணமாவது 1980களிலேயே கண்டறியப்பட்டது. இன்று இந்நோய் பெரும்பாலும் மருந்துகளாலேயே குணமாகிறது.

இறுதிக்காலம்

பின்னர் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவம் கற்பித்து, 1961 இல் ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பினார். ஆம்பிள்சைடில் காலமானார்.

நினைவு

கேரளத்தின் காரக்கோணத்தில் உள்ள மருத்துவக் கல்லூரி இவர் பெயரைத் தாங்கியுள்ளது. எழுத்தாளர் ஜெயமோகனின் ஓலைச்சிலுவை என்னும் சிறுகதை இவரை மையமாகக் கொண்டது.