ஜாடிகளை ஜோடி சேர்த்தவர்

பேங்க் ஆஃப் இந்தியா நம் எல்லாருக்கும் தெரியும். 1906-ல் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் சர் சாசூன் டேவிட். அவருடைய மகனுக்கு சீனப் பீங்கான் என்றால் பைத்தியம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

பெர்சிவல் டேவிட் 1892-ல் பம்பாயில் பிறந்தார். வசதியான யூதக் குடும்பம். பிறகு லண்டன் வாசம். பணக்காரப் பொழுதுபோக்குதானே என்று தள்ளிவிடாதீர்கள். மனுஷன் உட்கார்ந்து சீன மொழியே படித்தார்!

அவர் சேர்த்ததில் இரண்டு ஜாடிகளைப் பற்றிச் சொல்லியே ஆகணும். உயரம் 60 செ.மீ.க்கு மேல். கைப்பிடிக்கு யானைத் தலை. வாயோரம் செவ்வந்திக் கொடி, கழுத்தில் வாழையிலை, தோளில் தாமரைக் கொடி, வயிற்றைச் சுற்றி டிராகன், அதற்கும் கீழே பியோனிப் பூங்கொடி. எல்லாம் வெள்ளை மேல் நீலம்.

இதை வரைந்தது சுடாத மண்ணில், கோபால்ட் சாயத்தால். மண் சாயத்தை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். ரப்பர் வைத்து அழிக்கிற கதையே கிடையாது. டிராயிங் ஹாலில் ஒரு வளைகோட்டை எத்தனை தடவை அழிக்கிறோம்! மேலே கிளேஸ் பூசி, சுமார் 1300 டிகிரி சூட்டில் சுட்டெடுத்த பிறகுதான் கருத்துக் கிடந்த கோடு நீலமாகத் தெரியும்.

கழுத்தில் எழுத்தும் உண்டு. ஜாங் வென்ஜின் என்ற பக்தர் தன் குடும்பம் நன்றாக இருக்க வேண்டி, ஒரு தூபக்காலும் இந்த இரண்டு ஜாடிகளும் தாவோ கோயிலுக்குக் கொடுத்திருக்கிறார். வருஷம் 1351, யுவான் வம்சத்து ஆட்சி. இத்தனை நேர்த்தியான நீல வேலை அடுத்து வந்த மிங் காலத்தில்தான் வந்தது என்று அதுவரை பலரும் நினைத்திருந்தார்கள். 1929-ல் பிரிட்டிஷ் மியூசியத்து ஹாப்சன் இந்த ஜாடிகளைப் பற்றி எழுதியும் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1950-களில் ஜான் போப் என்ற அமெரிக்க அறிஞர், இஸ்தான்புல்லிலும் ஈரானிலும் இருந்த பீங்கான்களை இவற்றோடு ஒப்பிட்டுக் காலம் குறித்தார். அப்புறம்தான் விழித்துக்கொண்டார்கள்.

பிரிந்துபோன ஜாடிகள் வேறு வேறு இரண்டு பேரிடம் இருந்தன. ஒவ்வொன்றாக வாங்கி ஜோடி சேர்த்தவர் டேவிட். ஒன்று மட்டும் போதும் என்று அவர் விட்டிருந்தால்? நினைக்கவே கஷ்டமா இருக்கு.

தன் சேகரிப்பை லண்டன் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தார். 1952-ல் அது காட்சிக்குத் திறந்தது. 1964-ல் அவர் மறைந்தார். 2009 முதல் ஜாடிகள் பிரிட்டிஷ் மியூசியத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. கூட வந்த தூபக்கால் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை.