செங்கற்பட்டில் வாழ்ந்த ஒரு சீடர்

குருவைப் போற்றுவது எளிது; அவர் நடந்த வழியில் ஓரடி எடுத்து வைப்பது அரிது. இது கிறிஸ்துவ சமயத்தாருக்குப் பொருந்துவது போலவே, காந்தியடிகளின் திருநாமத்தைச் சொல்லி வரும் நம்மனோர்க்கும் பொருந்தும். மோசேயின் பிரமாணப்படி ஊருக்குப் புறம்பே வாழ்ந்த தொழுநோயாளன் ஒருவனை இயேசுநாதர் கைநீட்டித் தொட்டுக் குணமாக்கினார் என்று சுவிசேஷம் கூறும். அவ்வரலாற்றைக் காதால் கேட்டோர் பலகோடி. அதையே தம் வாழ்க்கைத் தொழிலாகக் கொண்ட சிலருள் ஒருவர் டாக்டர் ராபர்ட் காக்ரேன்.

சீனாவில் வைத்திய ஊழியம் புரிந்த தாமஸ் காக்ரேன் என்பாரின் புதல்வராக அந்நாட்டிலேயே 1899ல் பிறந்தவர் இவர். பிரிட்டனில் வைத்தியம் பயின்று, தொழுநோய் ஆராய்ச்சியில் தேர்ந்து, 1935 அளவில் செங்கற்பட்டை அடுத்த திருமணியிலிருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் நிலையத்தின் தலைமை வைத்தியரானார். அது ஸ்காட்லாந்து திருச்சபை மிஷனாரால் நடத்தப்பெற்று வந்தது.

திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரக் கடற்கரைக்கும் போகும் யாத்திரிகர் செங்கற்பட்டில் ரயிலைவிட்டு இறங்குவது அந்நாள் வழக்கம். கோயில் வாயில்களில் விரலிழந்து அமர்ந்திருப்போர்க்கு எட்ட நின்று காசு எறிவதே தர்மம் என்று கருதப்பட்ட காலம் அது. சட்டமும் இதற்கு இசைவாகவே இருந்தது. 1898ஆம் வருஷத்துச் சட்டம், பிச்சையெடுத்துத் திரியும் வறிய நோயாளரைப் பிடித்து அடைத்து வைக்க அதிகாரம் தந்திருந்தது.

காக்ரேன் இவ்வெண்ணத்தோடு போராடினார். இந்நோய் எல்லாரிடத்தும் ஒரே அளவில் தொற்றுவதன்று, பெரிதும் காக்கப்பட வேண்டியவர் குழந்தைகளே என்பதை அவர் வற்புறுத்தினார். ஆகவே, தொற்றும் வகை நோயுடையோர் பகலில் தம் வேலையைப் பார்த்துக்கொண்டு, இரவில் மட்டும் தனியிடத்தில் உறங்கும் ஏற்பாட்டை இந்த ஜில்லாவின் கிராமங்களில் சோதித்துப் பார்த்தார். நோயின் பெயராலேயே மனிதனைச் சுட்டி இழிவுபடுத்தும் வழக்கத்தையும் அவர் வெறுத்தார்.

அக்காலத்தில் இருந்த மருந்து நீரடிமுத்து எண்ணெய் ஒன்றே. அதனை ஊசி வழியே ஏற்றுவதால் நோவு மிகுதி, பலன் குறைவு. 1941ல் அமெரிக்காவிலுள்ள கார்வில் ஆஸ்பத்திரியில் சல்போன் வகை மருந்து பயன்படத் தொடங்கியது. அதன் மூலப் பொருளான டாப்சோன் மனித உடல் தாங்காத விஷமெனப் பலரும் அஞ்சினர். அதனைச் சிற்றளவில் கொடுத்துப் பார்க்க முன்வந்தோருள் காக்ரேன் முதல் வரிசையில் நின்றவர். ஏழைக்கும் எட்டும் விலையில் பிற்காலத்தில் உலகெங்கும் பரவிய மருந்து அதுவே.

1944ல் அவர் வேலூர் கிறிஸ்துவ வைத்தியக் கல்லூரியின் தலைவரானார். கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்டு என்னும் இளம் ரண வைத்தியரை வேலூருக்கு வரவழைத்ததில் இவர் பங்கு பெரிது. 1947ல் பிராண்டைச் செங்கற்பட்டுக்கு அழைத்துவந்து, மடங்கிப்போன கைகளைக் காட்டினார். எலும்பு வைத்தியர் எவரும் இக்கைகளை ஏன் ஆராயவில்லை என்ற கேள்வி அன்று எழுந்தது. அதன் பயனாக, செயலற்ற கைகளைச் சீராக்கும் ரண சிகிச்சை வேலூரில் பிறந்தது. தாம் அறியாததைப் பிறர் அறியட்டும் என்று வழிவிட்ட அடக்கமும் சீடனுக்குரிய குணமே.

அந்நிய ஆட்சியோடு வந்த மிஷன்களிடம் நம் தேசபக்தர்கள் கொண்ட ஐயம் காரணமற்றதன்று. கவர்னர் ஒருவரின் மனைவியார் பெயரை அந்நிலையம் தாங்கி நின்றதே அதற்குச் சான்று. ஆயினும், 1945ல் திருத்தி வெளியிட்ட நிர்மாணத் திட்டத்தில் தொழுநோயாளர் சேவையைச் சேர்த்த காந்தியடிகள், இப்பணியைப் பெரும்பாலும் மிஷனரிமாரே செய்து வருவதை மறையாது எடுத்துரைத்தார். அது நம்மை நோக்கிய இடித்துரையேயன்றி வேறன்று.

1951ல் காக்ரேன் தாய்நாடு திரும்பினார். 1955ல் சுதந்திர இந்திய சர்க்கார் திருமணி நிலையத்தை ஏற்று, மத்திய தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிலையமாக்கியது. 1985ல் அவர் காலமானார். 1982 முதல் வழங்கும் கூட்டு மருந்துகளால் இந்நோய் முற்றும் குணமாகிறது, மருந்தும் இலவசம். ஆனால் 1898ஆம் வருஷத்துச் சட்டம் 2016ல்தான் நீக்கப்பட்டது. இந்நோயைக் காட்டி விவாகரத்துக் கோரும் உரிமை பல சமயத்தாரின் விவாகச் சட்டங்களில் 2019 வரை நின்றது. பின்னும் தோலில் தோன்றும் மரத்த தழும்பை ஊராருக்கு அஞ்சி மறைப்போர் இருக்கின்றனர். மறைக்கும் காலத்திலேயே விரல்கள் போய்விடுகின்றன.

மருந்து வந்தபின்னும் ஊராரின் அச்சம் போகவில்லையாயின், எஞ்சிய வேலை வைத்தியருடையதன்று. பொது ஊழியம் பேசும் நம்முடையது. மேடையிலிருந்து இறங்கி, அத்தகையோர் ஒருவரின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, அவரைக் கைப்பிடித்து வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்ல நம்முள் எத்தனை பேர் ஆயத்தமாயிருக்கின்றோம்?