சாரணர் இயக்கத் தந்தை பேடன் பவல்

மூன்று விரல்களை உயர்த்தி வணங்குவதும், இடக்கையால் கைகுலுக்குவதும், நாளொன்றுக்கு ஒரு நற்செயலேனும் புரிதல் வேண்டும் என்னும் நோன்பும் உலகின் பெரும்பாலான நாடுகளிலுள்ள சிறுவர் சிறுமியர்க்குப் பழக்கமானவை. இவற்றை வகுத்தவர் ஒரு போர்வீரர். ஆங்கிலப் பேரரசின் ஊழியர். தம் இனத்தின் ஆட்சியுரிமையை ஒருநாளும் ஐயுறாதவர். அத்தகையவர் எழுதிய சட்டம் ஒன்று, எந்த வகுப்பைச் சேர்ந்தவனாயினும் ஒவ்வொரு சாரணனும் மற்றச் சாரணனுக்கு உடன்பிறந்தான் என்று விதித்தது. எழுதியவர் எண்ணிய எல்லைக்குள் அச்சட்டம் அடங்கி நிற்கவில்லை. அவரைப் புகழ்ந்துரைக்கும் வரலாறுகள் பலவுள. ஈண்டு அவர்தம் சிறப்பையும் குறையையும் சேர்த்தே கூற முற்படுகின்றோம்.

இராபர்ட் ஸ்டீபன்சன் ஸ்மித் பேடன் பவல் 1857ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். தந்தையார் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் வடிவகணிதப் பேராசிரியர். கிறித்தவக் குருவாக இருந்தும் அறிவியல் ஆராய்ச்சிக்கு அஞ்சாதவர். புகழ்பெற்ற இரயில்வேப் பொறியாளர் இராபர்ட் ஸ்டீபன்சனே குழந்தையின் ஞானத் தந்தை. அவர் பெயரையே குழந்தைக்கு இட்டனர். மகனுக்கு மூன்று வயதானபோது தந்தையார் மறைந்தார். தாயார் ஹென்றியட்டா கிரேஸ் மனவலிமை மிக்கவர். குடும்பத்தின் பெயரைக் காக்க வேண்டும், பிள்ளைகளை உயர்ந்த இடங்களில் அமர்த்த வேண்டும் என்பதே அவ்வம்மையாரின் வாழ்நாள் முயற்சி.

உதவிச் சலுகை பெற்று 1870இல் சார்ட்டர்ஹவுஸ் பள்ளியில் இராபர்ட் சேர்ந்தார். பாடத்தில் முதன்மை பெற்றவர் அல்லர். நாடகம், ஓவியம், கால்பந்து ஆகியவற்றிலேயே நாட்டம். 1872இல் பள்ளி இலண்டனை விட்டுக் காடால்மிங் என்னும் ஊருக்கு மாறியது. அங்கே பள்ளியை ஒட்டிய தோப்பு ஒன்று மாணவர்க்கு விலக்கப்பட்ட இடம். அதனுள் புகுந்து முயல் பிடிப்பதும், ஆசிரியர் கண்ணில் புகை படாதவாறு தீமூட்டிச் சமைப்பதும், மரத்தின்மேல் ஒளிந்து தேடிவருவோரை நோக்குவதும் அவர்க்குப் பெருவிளையாட்டு. பின்னாளில் கோடிக்கணக்கான சிறுவர்க்கு அவர் கற்பித்த கலையின் முதற்பாடம், பள்ளி விதியை மீறிக் கற்றதுதான். இதை நம் தலைமையாசிரியர்கள் பொறுத்தருள்க!

ஆக்ஸ்போர்டில் இடம் கிடைக்கவில்லை. படைத்துறைத் தேர்வு எழுதிக் குதிரைப்படைப் பிரிவில் இரண்டாமிடம் பெற்றார். 1876இல், பத்தொன்பதாம் வயதில், இலட்சுமணபுரி எனப்படும் லக்னோவில் இருந்த 13ஆம் ஹூசார் படையில் அதிகாரியாக வந்திறங்கினார். ஆகவே, அவருடைய தொழில்வாழ்வு தொடங்கியதே இந்திய மண்ணில். பின்னர்த் தென்னாப்பிரிக்கா, மால்டா, மேற்கு ஆப்பிரிக்காவின் அசாந்தி நாடு எனப் பேரரசு அனுப்பிய இடமெல்லாம் சென்றார். தடம் பார்த்து ஆளறிதல், நிலத்தைப் படமாக வரைதல், இரவில் ஒலியின்றி நடத்தல் ஆகியவற்றில் அவர் தேர்ச்சி ஓங்கியது. 1897இல் மீண்டும் இந்தியா வந்து 5ஆம் டிராகூன் படைக்குத் தலைமை தாங்கியபோது, வீரர்களைச் சிறுசிறு அணிகளாகப் பிரித்துப் பொறுப்பை அவர்களிடமே விட்டுப் பழக்கினார். அப்பயிற்சி முறையை விளக்கும் சிறுநூல் 1899இல் வெளிவந்தது. படைவீரர்க்கென எழுதப்பட்ட அந்நூலை இங்கிலாந்தில் பள்ளிச் சிறுவர்கள் வாங்கிப் படிக்கலாயினர்.

இவ்விடத்தில் ஒன்றை மறைத்தல் முறையன்று. 1896இல், இன்றைய ஜிம்பாப்வே நாட்டில், ஆங்கிலேயர் ஆட்சியை எதிர்த்து மாட்டபேலே மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அப்போரில் காயமுற்றுச் சிறைப்பட்ட ஊவினி என்னும் தலைவரைப் படைநீதிமன்றம் ஒன்றின் பெயரால் பேடன் பவல் சுட்டுக்கொல்லச் செய்தார். மேலதிகாரிகளின் ஆணைக்கு அது மாறானது. விசாரணை நடந்தது, அவர்மேல் குற்றமில்லை என்று முடிந்தது. ஆளும் இனத்தார் தம்மவரை விசாரித்த விசாரணை அது.

அவரை உலகறியச் செய்தது மாஃபெக்கிங் முற்றுகை. தென்னாப்பிரிக்காவில் டச்சு வழியினரான போயர்களுக்கும் ஆங்கிலேயருக்கும் மூண்ட போரில், மாஃபெக்கிங் என்னும் சிற்றூரைப் பெரும்படையொன்று வளைத்துக்கொண்டது. 1899 அக்டோபர் 13 முதல் 1900 மே 17 வரை, 217 நாள்கள், பேடன் பவல் அவ்வூரைக் காத்தார். இல்லாத கண்ணிவெடிகளை இருப்பதாகப் பகைவரை நம்பவைத்தார். இல்லாத முள்வேலியைத் தாண்டுவதுபோல் வீரர்களை நடிக்கச் செய்தார். ஒன்பது வயதுக்கு மேற்பட்ட வெள்ளைச் சிறுவரைக் கொண்டு ஓர் அணி அமைக்கப்பட்டது. குட்இயர் என்னும் பதின்மூன்று வயதுச் சிறுவன் அதற்குத் தலைவன். செய்தி கொண்டு செல்லுதல், காவல் பார்த்தல் முதலிய பணிகளைச் சிறுவர்கள் திறம்படச் செய்ததைக் கண்ட அனுபவமே, பொறுப்பை நம்பி ஒப்படைத்தால் சிறுவர் அதனை நிறைவேற்றுவர் என்னும் துணிபை அவருக்கு அளித்தது.

ஆனால் மாஃபெக்கிங்கில் வெள்ளையர் மட்டுமா இருந்தனர்? ஊரை ஒட்டிய பெருங்குடியிருப்பில் பரோலாங் இனத்தார் பல்லாயிரவர் வாழ்ந்தனர். அவர்களுள் பலர் துப்பாக்கி ஏந்திக் காவல் நின்றனர். இருளில் பகைவரிடையே புகுந்து செய்தியும் கால்நடைகளும் கொணர்ந்தனர். 1900 மே 12இல் போயர் படையினர் அக்குடியிருப்பின் வழியே உட்புகுந்தபோது, அவர்கட்குப் பின்னே வழியை அடைத்ததில் பரோலாங் மக்களுக்குப் பெரும்பங்குண்டு. உணவு குறைந்தபோது யார் வயிறு முதலில் காய்ந்தது? கறுப்பு மக்களின் பங்கு வெள்ளையர் பங்கினும் குறைவாகவே அளக்கப்பட்டது. குதிரை இறைச்சிக் கஞ்சிக்கும் காசு கேட்கப்பட்டது. வெளியூர்களிலிருந்து வந்து தங்கியிருந்த கறுப்பு ஏதிலியரே மிகுதியாக மடிந்தனர். இதில் பேடன் பவலின் பொறுப்பு எத்துணை என்பது பற்றி வரலாற்றாசிரியரிடையே வழக்கு உண்டு. அவரைக் கடுமையாகச் சாடியோரும் உளர். கையிருப்பைக்கொண்டு இயன்றதைச் செய்தார் என வாதிட்டோரும் உளர்.

முற்றுகை நீங்கிய செய்தி எட்டியதும் இலண்டன் தெருக்களில் மக்கள் களிவெறி கொண்டு ஆடினர். பேடன் பவல் நாற்பத்துமூன்றாம் வயதில் மேஜர் ஜெனரல் ஆனார். பரோலாங் மக்களின் பங்கை அக்கொண்டாட்டம் கருதவே இல்லை. அம்மக்களுள் ஒருவர், நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் சாலமன் பிளாட்ஜே என்னும் இளைஞர், முற்றுகைக் காலத்தில் நாட்குறிப்பு எழுதிவந்தார். 1912இல் தென்னாப்பிரிக்கக் கறுப்பு மக்களின் தேசியப் பேரவை தோன்றியபோது அதன் முதற் பொதுச்செயலாளர் அவரே. அந்நாட்குறிப்பு அச்சேறியது 1973இல். வெள்ளைத் தளபதியின் புகழ் இரண்டு நாளில் கடல் கடந்தது. கறுப்பு எழுத்தருக்கு எழுபதாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. கல்வி எத்தகைய கருவி என்பதையும், அக்கருவி கையிலிருந்தும் காத்திருக்க நேர்வதையும் இதனினும் தெளிவாக உணர்த்தும் செய்தி அரிது.

தாயகம் திரும்பிய பேடன் பவலை வேறொரு கவலை பற்றியது. போருக்கு ஆளெடுத்தபோது நகர்ப்புற ஏழை இளைஞரிற் பலர் உடல்நலம் குன்றித் தகுதியற்றோராகத் தள்ளப்பட்டனர். பேரரசு தளர்ந்துவிடுமோ என அஞ்சினார். அச்சத்தின் காரணம் எதுவாயினும், அதற்கு அவர் கண்ட மருந்து புதுமையானது. வில்லியம் ஸ்மித் நடத்திய சிறுவர் படையணியையும், அமெரிக்காவில் எர்னஸ்ட் தாம்சன் சீட்டன் நடத்திய கானகப் பயிற்சியையும் கண்டறிந்து, தம் அனுபவத்தையும் சேர்த்து ஒரு திட்டம் வகுத்தார்.

1907 ஆகஸ்ட் மாதம் பூல் துறைமுகத்தை அடுத்த பிரவுன்சீ தீவில் சோதனை முகாம் நடந்தது. ஏறத்தாழ இருபது சிறுவர். ஒரு பாதியினர் பெருஞ்செல்வர் பயிலும் பள்ளிகளிலிருந்து வந்தோர், மறுபாதியினர் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகள். ஓநாய், காளை, காக்கை, கர்லூ என்னும் நீர்ப்பறவை ஆகியவற்றின் பெயரால் நான்கு அணிகள். இரு தரத்தாரும் ஒவ்வோர் அணியிலும் கலந்தே வைக்கப்பட்டனர். ஒரே கூடாரத்தில் உறங்கினர்; ஒரே சட்டியில் சமைத்துண்டனர். மாட்டபேலே போரில் கிடைத்த குடு மானின் கொம்பை ஊதிக் காலையில் அவர்களை எழுப்பினார் பேடன் பவல். வகுப்பு வேற்றுமை தடித்திருந்த அன்றைய இங்கிலாந்தில், துணிவணிகர் மகனும் பிரபு மகனும் ஓரணியில் நின்று ஓரணித் தலைவனுக்குக் கீழ்ப்படிந்தது சிறு செய்தியன்று. உடன் உண்பதில் என்ன புரட்சி இருக்கிறது என நம்மவர் எவரும் வினவமாட்டார்.

1908 சனவரியில் சிறுவர்க்கான சாரண நூல் ஆறு பகுதிகளாக, பகுதி நான்கு பென்னி விலையில், வெளிவரத் தொடங்கியது. ஏற்கெனவே உள்ள சங்கங்களுக்குத் துணைநூலாகட்டும் என்பதே ஆசிரியர் எண்ணம். சிறுவர்களோ காத்திராமல் தாமே அணிகளை அமைத்துக்கொண்டு, தலைவராக யாரையேனும் தேடிப் பிடித்தனர். 1909இல் இலண்டன் பளிங்கு மாளிகையில் பதினோராயிரம் சாரணர் கூடினர். அழையாமலே சில சிறுமியரும் சீருடையுடன் வந்து நின்று தமக்கும் இடம் கேட்டனர். மறுத்தல் இயலாமற்போயிற்று. 1910இல் அவர் தங்கை ஆக்னஸ் தலைமையில் சாரணியர் இயக்கம் தோன்றியது. அதே ஆண்டில் பேடன் பவல் படைப்பணியினின்று விலகினார். 1912இல் ஓலேவ் சோம்ஸ் அம்மையாரை மணந்தார். இருவர்க்கும் பிறந்தநாள் பிப்ரவரி 22 என்பது ஒரு விந்தை. இல்லறத்தில் மக்கள் மூவர்.

இந்தியாவில் 1909இல் பெங்களூரில் முதல் சாரணர் குழு அமைந்தது. ஆனால் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுவர்க்கே அதில் இடம். இந்தியச் சிறுவன் தடம் பார்க்கவும் சைகை மொழி பேசவும் கற்றால் புரட்சிக்காரனாகிவிடுவான் என ஆட்சியாளர் அஞ்சினர். உடன்பிறப்புச் சட்டத்தை இயற்றியவரோ அரசினர் கருத்தை மீறிச் செல்ல முன்வரவில்லை. தம் நூலை விலைகொடுத்து வாங்கிப் படித்த சிறுவனுக்கு, அந்நூல் கூறும் சீருடையை அணிய உரிமையில்லை என்றாயிற்று.

கதவு திறக்கவில்லையெனில் தனியே வீடு கட்டினர் நம் நாட்டார். மத்திய மாகாணத்தில் விவியன் போஸ் இந்தியச் சிறுவர்க்குப் பயிற்சி அளித்தார். இவர் பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியானவர். 1917இல் சென்னையில் அன்னிபெசன்ட் அம்மையாரும் ஜார்ஜ் அருண்டேலும் இந்தியச் சாரணர் சங்கத்தைத் தொடங்கினர். அச்சாரணர் தொப்பிக்கு மாறாகத் தலைப்பாகை அணிந்தனர். தாய்நாட்டுப் பாடல்களைப் பாடினர். 1918இல் அலகாபாத்தில் மதன் மோகன் மாளவியா, இருதயநாத் குன்ஸ்ரு, ஸ்ரீராம் பாஜ்பாய் ஆகியோர் சேவா சமிதிச் சாரணர் சங்கத்தை நிறுவினர். இவற்றின் வளர்ச்சி கண்டபின்னரே தலைமையகம் மனம் மாறியது. 1921இல் பேடன் பவல் இந்தியா வந்தார். சென்னையில் தலைப்பாகைச் சாரணரைக் கண்டார். அன்னிபெசன்ட் சங்கம் மூலச் சங்கத்தோடு இணைந்தது. சேவா சமிதி இணையவில்லை. ஆங்கில மன்னர்க்குப் பற்றுறுதி கூறும் உறுதிமொழி அவர்கட்கு உடன்பாடன்று. 1937இல் தில்லியில் நடந்த முதல் அகில இந்தியப் பெருந்திரளணிக்கு மீண்டும் வந்தார். இந்தியர் ஒழுக்கத்தைக் குறைத்து அவர் கூறிய கருத்துகள் நாட்டில் கொதிப்பை எழுப்பின. விளைவாக 1938இல் இந்துஸ்தான் சாரணர் சங்கம் தனித்தெழுந்தது. விடுதலைக்குப் பின் 1950 நவம்பர் 7இல் சாரணர் சங்கங்கள் ஒன்றாகிப் பாரத சாரணர் இயக்கம் உருவாயிற்று. மறு ஆண்டில் சாரணியரும் இணைந்தனர்.

உலக அளவில் அவர் எய்திய சிறப்பை விரிக்கின் பெருகும். 1919இல் கில்வெல் பூங்காவில் சாரண ஆசிரியர் பயிற்சி தொடங்கியது. சூலு அரசர் தினுசூலுவின் மாலையிலிருந்து என்று கூறப்படும் மரமணிகளே பயிற்சி முடித்தோர்க்கு முதலில் பதக்கமாயின. ஆப்பிரிக்கர் மாலை பதக்கமாயிற்று. ஆப்பிரிக்கச் சிறுவன் மட்டும் வெளியே நின்றான். 1920இல் இலண்டன் ஒலிம்பியா அரங்கில் கூடிய முதல் உலகப் பெருந்திரளணி அவரை உலகத் தலைமைச் சாரணராக அறிவித்தது. முதல் உலகப்போரில் பிள்ளைகள் மடிந்ததைக் கண்ட பின்னர், பேரரசுப் பேச்சுக் குறைந்து நாடுகளின் நட்புறவே அவர் உரைகளில் மிகுந்தது. வகுப்பு வேற்றுமையை மட்டும் விலக்கியிருந்த நான்காம் சட்டத்தில் நாடும் சமயமும் பின்னர்ச் சேர்க்கப்பட்டன. 1929இல் ஆரோ பூங்காவில், மழையும் சேறுமாக இருந்த முகாமில், பல்லாயிரம் சாரணர் தம் காசுகளைச் சேர்த்து அவருக்கு ஒரு மோட்டார் வண்டி பரிசளித்தனர். என்ன வேண்டும் என்று முன்னதாகக் கேட்டபோது, காற்சட்டை வார் ஒரு சோடி போதும் என்றாராம்!

தென்னாப்பிரிக்காவில் கறுப்புச் சிறுவர்க்கு இடம் மறுக்கப்பட்டதால், 1922இல் வழிகாணுநர் என்னும் பொருள்படும் பெயரில் அவர்களுக்குத் தனி இயக்கம் ஏற்பட்டது. 1936இல் பேடன் பவல் அங்குச் சென்றார். வெள்ளையர், ஆப்பிரிக்கர், கலப்பினத்தார், இந்தியர் என நான்கு தனிப்பிரிவுகள் கொண்ட கூட்டமைப்புக்கு இசைந்தார். பிரவுன்சீ தீவில் செல்வனையும் ஏழையையும் ஒரே கூடாரத்தில் படுக்கவைத்த அதே மனிதர், நிறவேற்றுமை எதிர்நின்றபோது நான்கு கூடாரங்களுக்கு ஒப்புதல் அளித்தார். அவர் வாழ்வில் இதுவே பெருங்குறை என்பது எமது கருத்து. வெள்ளைச் சங்கத்தார் பிரிந்துபோவரே என்னும் அச்சம் காரணமாகக் கூறப்படும். பிரிந்துபோவோர் சினத்துக்கு அஞ்சி வெளியே நிற்போரைக் காக்கவைப்பது எல்லா நாட்டிலும் உள்ள வழக்கமே.

1938இல் மனைவியாருடன் கென்யா நாட்டு நையேரியில் சிறு இல்லம் ஒன்றில் குடியேறினார். ஓவியம் தீட்டியும் விலங்குகளை நோக்கியும் இறுதி நாள்களைக் கழித்து, 1941 சனவரி 8ஆம் நாள், 83ஆம் வயதில் காலமானார். கென்யா மலையை நோக்கிய கல்லறையில், வட்டத்துள் புள்ளியிட்ட சாரணக் குறி பொறிக்கப்பட்டுள்ளது. வீடு திரும்பிவிட்டேன் என்பது அதன் பொருள். 2020 சூன் மாதம் நிறவெறி எதிர்ப்புக் கிளர்ச்சிகளின்போது, பூல் துறையிலிருந்த அவர் சிலையை அகற்ற நகராட்சி முனைந்தது. ஊரார் எதிர்த்துக் காவல் நின்றதால் சிலை அங்கேயே நின்றது.

ஓலேவ் அம்மையார் 1977 சூனில் மறைந்தார். அவர்தம் சாம்பல் நையேரிக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கணவர் அருகே புதைக்கப்பட்டது. அதே 1977ஆம் ஆண்டில்தான் தென்னாப்பிரிக்காவின் நான்கு சாரணப் பிரிவுகளும் கலைக்கப்பட்டு, எல்லா நிறத்துச் சிறுவரும் ஒரே சங்கத்தில் சேர்க்கப்பட்டனர்.