ஆசாரியர் ஜகதீச சந்திர போஸ்

டோல்கேட்டிலுள்ள எம் இல்லத்திற்குச் சென்ற விடுமுறையில் ஒளியிழை இணைப்பு வந்தது. புதிய மோடத்தை வாயிற்சுவரில் பொருத்திய பணியாளர், விளக்குப் பச்சையாய் எரியக் கண்டதும் விடைபெற்றுச் சென்றார். பழைய ரௌட்டரை அதனோடு இணைக்கும் பொறுப்பு எம்மைச் சார்ந்தது. இரண்டிற்கும் கம்பி பூட்டி, மோடத்தை முதலிலும் ரௌட்டரைப் பின்னரும் இயக்கினோம். இணையம் வரவில்லை. இரண்டு பெட்டிகளும் 192.168.1.1 என்னும் ஒரே முகவரியைத் தமதெனக் கொண்டு பூசலிட்டமையே காரணம். ரௌட்டரின் முகவரியை 192.168.2.1 என மாற்றவே பூசல் தீர்ந்தது. ஆயினும், தங்கை தேர்வுக்குப் படிக்கும் பின்னறைக்கு 5 கிகாஹெர்ட்ஸ் அலை எட்டவில்லை. இடையே இரு சுவர்களும் ஓர் இரும்புப் பீரோவும் நின்றன. சுவரை ஊடுருவும் இத்தகைய அலையை நம் நாட்டில் முதன்முதல் ஆண்டவர் யாவர் என வினவப் புகுந்து, ஜகதீச சந்திர போஸ் என்பாரின் வரலாற்றைக் கற்றோம்.

அவர் 1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் வங்கத்தில் தோன்றினார். கல்கத்தாவில் சேசு சபையார் நடத்திய புனித சவேரியார் கல்லூரியில் லபோன் என்னும் குருவானவரிடம் பௌதிகம் பயின்றார். எம்மைப்போல் மிஷன் கல்லூரியில் பயில்வோர் இதனை மறவாது கொள்வாராக! பின்னர்க் கேம்பிரிட்ஜில் கற்றுத் தேர்ந்து, 1885இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் ஆசிரியரானார்.

ஈண்டு அவர்க்கு ஒரு சோதனை நேர்ந்தது. ஐரோப்பிய ஆசிரியர் பெறும் ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்கே இந்தியர்க்கு வழங்கப்பட்டது. இவரது நியமனம் தற்காலிகமாகலின் அதுவும் பாதியாயிற்று. இவர் சினந்து பணியைத் துறந்தாரல்லர், இரந்து நின்றாருமல்லர். நாள்தோறும் வகுப்பு நடத்தினார். ஊதியத்தை மட்டும் கையால் தொடவில்லை. தந்தையார் கடன்பட்டு நொந்திருந்த காலம் அது. ஒரு திங்களன்று, இருதிங்களன்று, மூன்றாண்டுகள் இவ்வாறு கழிந்தன! இறுதியில் அரசினர் முழு ஊதியத்தையும் முன்தேதியிட்டு அளித்தனர். அத்தொகை தந்தையார் கடனைத் தீர்க்கப் பயன்பட்டது.

இடையே 1887இல் அபலா அம்மையாரை மணந்தார். அவ்வம்மையார் கல்கத்தாவில் மகளிர்க்கு இடமின்மையால் 1882இல் நம் சென்னைக்கு வந்து மருத்துவம் பயின்றவர். உடல்நலம் குன்றியதால் அக்கல்வியை இடையில் விடுத்தார்.

கல்லூரியில் ஆய்வுக்கூடம் என்று சொல்லத்தக்கது இல்லை. சிற்றறை ஒன்றில், தகரவேலை செய்வோன் ஒருவனைப் பழக்கி, கருவிகளைத் தாமே சமைத்தார். ஹெர்ட்ஸ் என்னும் ஜெர்மானியர் கண்ட அலைகள் நீண்டவை; இவரோ 5 மில்லிமீட்டர் அளவு குறுகிய அலைகளையும் எழுப்பினார். 1895இல் கல்கத்தா நகர மண்டபத்தில், கம்பியின்றிச் சுவர்களைக் கடந்த அலை தொலைவிலிருந்த மணியை ஒலிப்பித்து, வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தது. 1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் தம் கருவிகளை இயக்கிக் காட்டினார்.

அலையை உணரும் படிகக் கருவிக்கு, நண்பர் வற்புறுத்த, 1901இல் அமெரிக்கக் காப்புரிமை வேண்டினார். அது 1904இல் கிடைத்தது. அதனால் பொருளீட்ட விரும்பாது காலாவதியாக விட்டார். இதனைப் புகழாதார் இலர். எமக்கோ சிறிது வருத்தமே. அப்பொருள் வந்திருப்பின் அவர் மாணாக்கர்க்கு நல்லதோர் ஆய்வுக்கூடம் முன்னரே அமைந்திருக்கும். பிற்காலத்தில் செடிகொடிகளின் உணர்ச்சியை ஆராய்ந்தார். 1917இல் தம் பெயரால் ஆய்வு நிலையம் நிறுவினார். 1937 நவம்பர் 23ஆம் நாள் கிரிடியில் காலமானார்.

அவர் கையாண்ட 5 மில்லிமீட்டர் அலை, 60 கிகாஹெர்ட்ஸ் என்னும் பெயரால் இன்று சில புதிய ரௌட்டர்களில் உலவுகிறது. எம் ரௌட்டர் அவ்வகையினதன்று. அதன் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் நீளமுடையது. சுவரைக் கடப்பதில் 5 கிகாஹெர்ட்ஸைவிட வல்லது. தங்கைக்கு அதனையே அமைத்துக் கொடுத்து, இரும்புப் பீரோவையும் இருவருமாக நகர்த்தி வைத்தோம்.