கல்லெழுத்தை உரைத்துப் பார்த்த ஜேம்ஸ் பிரின்ஸெப்

டில்லியில் குடியேறி வாழும் நம்மவருள் பிரோஸ்ஷா கோட்லாவைக் காணாதவர் அரியர். ஊரிலிருந்து வரும் உறவினரை விடுமுறை நாட்களில் அழைத்துச் செல்லும் இடங்களுள் அதுவும் ஒன்று. பாழடைந்த கட்டடத்தின் உச்சியில் மெருகு குன்றாத ஒற்றைக் கற்றூண் நிற்கிறது. அதன் உடலைச் சுற்றி வரிவரியாக எழுத்துக்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இது அசோகன் தூண் என்று குழந்தைகளுக்குச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுகிறோம். அசோகன் தூண் என்பது நமக்கு எவ்வாறு தெரியும்? பள்ளிப் புத்தகத்திற் படித்தோம். அப்புத்தகத்தை எழுதியவருக்கு எவ்வாறு தெரிந்தது? இங்ஙனம் கேட்டுக்கொண்டே பின்னோக்கிச் சென்றால், 1837-ஆம் ஆண்டில் கல்கத்தாத் தங்கசாலையில் வேலை பார்த்துவந்த ஓர் ஆங்கிலேயரிடம் போய் நிற்போம். ஜேம்ஸ் பிரின்ஸெப் என்னும் அப்பெரியாரின் வாழ்க்கையை இம்மலரில் சுருக்கமாகக் கூற விழைகிறோம்.

அவருக்கு முன்னும் இத்தூணைப் பற்றிப் பலர் பலவற்றை நம்பி வந்தனர். 14-ஆம் நூற்றாண்டில் பிரோஸ்ஷா துக்ளக் இதனைத் தோப்ரா என்னும் ஊரிலிருந்து பெயர்த்து, 42 சக்கரங்கள் பூட்டிய வண்டியிலேற்றி, யமுனையிற் படகு வழியாகக் கொணர்ந்தான் என்று அக்காலச் சரித்திரக்காரர் எழுதிவைத்திருக்கிறார். ஊரார் அதைப் பீமசேனனின் கைத்தடி என்றனர். எழுத்தைப் படித்துச் சொல்லுமாறு சுல்தான் அந்தணரை அழைத்தபோது ஒருவராலும் படிக்க இயலவில்லை. ஆயினும் சிலர், பிற்காலத்தில் பிரோஸ் என்னும் அரசன் தோன்றும்வரை இத்தூணை எவராலும் அசைக்க இயலாது என்றே அதில் எழுதியிருப்பதாகச் சொல்லிவிட்டனராம். கேட்பவர் மனம் குளிரச் சொல்லும் கலை எக்காலத்தும் உண்டு போலும்! பின்னர் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த தாமஸ் கோரியட் என்னும் ஆங்கில யாத்திரிகர், இது கிரேக்க எழுத்தென்றும், போரஸ் மன்னனை வென்ற அலெக்ஸாந்தர் நட்ட வெற்றித்தூண் என்றும் துணிந்தார்.

இவற்றினும் வேடிக்கையான செய்தி 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிகழ்ந்தது. எல்லோராக் குகைகளில் இத்தகைய பழைய எழுத்துக்களைப் படியெடுத்துக் காசியிலிருந்த வில்போர்டு என்னும் அதிகாரிக்கு அனுப்பினர். முதிய பண்டிதர் ஒருவர், பழைய எழுத்துக்களுக்கெல்லாம் திறவுகோலான சுவடி தம்மிடம் உள்ளதென்று கூறி, அதன்படி அவற்றைப் படித்துக் காட்டினார். பாண்டவர் வனவாசத்தின்போது எழுதிவைத்த செய்திகள் என்று பொருள் வந்தது. வில்போர்டு நம்பினார், அச்சிலும் ஏறியது. சுவடியோ வெறும் புனைவு. படித்துக் காட்டிய வாசகம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் அது சரியா, தவறா என்று வேறொரு கல்லில் வைத்துப் பார்க்க வழியில்லாமற் போயிற்று. பிரின்ஸெப்பின் பெருமையை உணர இவ்வொரு நிகழ்ச்சியை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

பிரின்ஸெப் 1799-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் நாள் இங்கிலாந்திற் பிறந்தார். தந்தையார் இந்தியாவில் அவுரி வாணிகத்தால் பெரும் பொருள் ஈட்டிப் பின் இழந்தவர். வீட்டிற் பிள்ளைகள் பலர். ஜேம்ஸ் கட்டடக் கலை பயிலத் தொடங்கினார். கண்ணோய் வந்து அதனைக் கைவிட நேர்ந்தது. பிற்காலத்தில் தேய்ந்த கல்லெழுத்தைக் கூர்ந்து நோக்கியே புகழ் பெறவிருந்தவர், கண் சரியில்லை என்ற காரணத்தால் வேறு தொழில் தேட வேண்டியவரானார். இரசாயனமும், இலண்டன் தங்கசாலையில் உலோகத்தின் மாற்றுப் பார்க்கும் தொழிலும் கற்று, 1819-இல் கல்கத்தா வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டே காசித் தங்கசாலைக்கு மாற்றினர். அங்கே பத்தாண்டுகள் கழிந்தன. காசி நகரின் கழிவுநீர் வடிவதற்குச் சுரங்க வாய்க்கால் அமைத்ததும், ஔரங்கசீப்பின் மசூதிக் கோபுரங்கள் சாயாதபடி பழுது பார்த்ததும், கர்மநாசை ஆற்றுக்குப் பாலம் கட்டியதும், அந்நகரின் படித்துறைகளை ஓவியமாகத் தீட்டியதும் அவர் அலுவல் நேரத்துக்கு வெளியே செய்த காரியங்கள்.

அலுவல் நேரத்துக் காரியம் ஒன்றையும் கூற வேண்டும். உலையின் வெப்பம் எவ்வளவு என்பதைத் தொழிலாளர் கண்ணால் மதிப்பிடுவது வழக்கம். சாதாரண வெப்பமானி அவ்வனலில் நில்லாது. பிரின்ஸெப் பொன், வெள்ளி, பிளாட்டினம் ஆகியவற்றை வெவ்வேறு விகிதத்திற் சேர்த்துச் சிறு தகடுகள் செய்து உலையில் இட்டார். எந்தத் தகடு உருகிற்று, எந்தத் தகடு உருகாமல் நின்றது என்பதைக் கொண்டு வெப்பத்தை அளந்தார். இவ்வாராய்ச்சிக்காக இலண்டன் ராயல் சொசைட்டி 1828-இல் அவரை உறுப்பினராக ஏற்றது. ஒருவர் சொல்லைக் கேட்டு மாற்றுக் கூறுவது பொற்கொல்லரிடையே நடவாது. மூசையில் இட்டு உருக்கியோ உரைகல்லில் உரைத்தோதான் கூறுவர். நாணயம் என்ற ஒரே சொல் காசையும் நேர்மையையும் குறிப்பது நம் மொழியின் சிறப்பு. பிரின்ஸெப்பிடம் அவ்விரு பொருளும் பொருந்தியிருந்தன.

1830-இல் கல்கத்தாவுக்குத் திரும்பினார். 1832-இல் தங்கசாலையின் தலைமைச் சோதகராகவும், ஏஷியாட்டிக் சொசைட்டியின் செயலாளராகவும் பொறுப்பேற்றார். ஊருக்கொரு ரூபாயாக வழங்கிய நிலை நீங்கி, 1835-இல் கம்பெனி ஆட்சி முழுவதற்கும் 180 கிரெயின் எடையுள்ள ஒரே ரூபாய் ஏற்பட்டதில் அவர் உழைப்பு பெரிது. சொசைட்டியின் மாத இதழை நடத்தியவரும் அவரே. நாட்டின் மூலைமுடுக்குகளில் வேலை பார்த்த அதிகாரிகளும் பொறியாளர்களும் பழங்காசுகளையும் கல்வெட்டுப் படிகளையும் அவருக்கு அனுப்பத் தொடங்கினர். தனி மனிதர் ஒருவர் எவ்வளவு மதியூகியாயினும் ஒரே கல்லை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய இயலாது. அவருடைய மேசையில் பல கற்களின் படிகள் ஒருங்கே கிடந்தன.

1834-இல் அலகாபாத் தூணின் எழுத்துக்களை எடுத்துக்கொண்டார். பொருள் என்னவென்று ஊகிக்க அவர் அவசரப்படவில்லை. எழுத்துக்களை வகை பிரித்து, எது எத்தனை முறை வருகிறது என்று எண்ணினார். ஒரே வடிவம் மேலும் கீழும் பக்கத்திலும் சிறு கோடுகள் பெற்று மாறி மாறி வருவதைக் கண்டார். க, கா, கி, கு என்று எழுதும் நமக்கு இது புதிதன்று. மெய்யோடு உயிர் சேரும் முறை அது. எனவே இஃது இந்திய எழுத்தே, கிரேக்கம் அன்று என்பது தெளிவாயிற்று. சம்பாரண் பகுதித் தூணின் படியை ஹாட்ஜ்சன் அனுப்பியபோது, அலகாபாத், டில்லி, சம்பாரண் ஆகிய மூவிடத்தும் இருப்பது ஒரே வாசகம் என்பதும் புலனாயிற்று. ஓர் எழுத்தும் படிக்கத் தெரியாத நிலையிலேயே இவ்வளவும் அறிந்துவிட்டார்!

பின் மூன்றாண்டுகள் வழி அடைபட்டே கிடந்தது. இதற்கிடையே, கிரேக்க எழுத்தும் பழைய இந்திய எழுத்தும் ஒருங்கே பொறித்த காசொன்றில் அகதோக்ளிஸ் என்னும் பெயரை ஜெர்மானியப் பேரறிஞர் லாஸன் 1836-இல் படித்திருந்தார். அவருக்குரிய பங்கை மறைத்தல் முறையன்று.

1837-இல் ஸாஞ்சி ஸ்தூபத்தின் கல்வேலியிலிருந்த சிறு சிறு கல்வெட்டுக்களைப் படியெடுத்துக் காப்டன் ஸ்மித் அனுப்பினார். அவற்றை இதழில் அச்சிடுவதற்காக ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தபோது, ஏறக்குறைய எல்லாமே ஒரே இரண்டெழுத்தில் முடிவதைப் பிரின்ஸெப் கவனித்தார். கோயிலின் தூண்களிலும் கற்பலகைகளிலும் தனித்தனியே சிறு வரிகள் எழுதியிருந்தால் அவை என்னவாக இருக்கும்? நம் ஊர்க் கோயில்களில் படியிலும் குத்துவிளக்கிலும் உபயம் என்று பெயர் பொறித்திருப்பதைக் கண்டவர்க்கு விடை உடனே தோன்றும். அவருக்கும் தோன்றியது. அவ்விறுதிச் சொல் தானம் என்பது. அதற்கு முன் அடிக்கடி வந்த எழுத்து, சௌராஷ்டிரப் பழங்காசுகளில் அவர் ஏற்கெனவே அறிந்த ஸகரம். இன்னாருடைய என்னும் பொருள்படும் வேற்றுமை உருபு. எனவே, இன்னாருடைய தானம் என்று ஒவ்வொன்றும் முடிந்தது. த, ந என்னும் எழுத்துக்கள் கைக்கு வந்ததும், பெயர்களிலிருந்து பிற எழுத்துக்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிட்டின.

இதுவரை நிகழ்ந்தது ஊகமே. காசிப் பண்டிதரின் சுவடிக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை இனிமேல்தான் வருகிறது. ஸாஞ்சியிற் பெற்ற எழுத்துக்களைக் கொண்டு, ஸாஞ்சியோடு தொடர்பில்லாத டில்லித் தூணைப் படிக்க முயன்றார். ஊகம் தவறாயின் அங்கே வெறும் பிதற்றல்தான் கிடைத்திருக்கும். கிடைத்ததோ இலக்கணம் பிறழாத மொழி. அது பலரும் எதிர்பார்த்த ஸமஸ்கிருதமன்று. பாலியை ஒத்த பிராகிருதம். கமலாகாந்த வித்யாலங்காரர் என்னும் வங்கப் பண்டிதரும், ரத்னபாலர் என்னும் சிங்களவரும் உடனிருந்து உதவினர். தேவனாம்பிரியன் பிரியதர்சி என்னும் அரசன் தன் குடிகளுக்கு அறமுரைக்கும் வாசகமே அத்தூணில் இருந்தது. ஸாஞ்சிச் செய்தி ஜூன் இதழிலும், டில்லித் தூணின் வாசகம் ஜூலை இதழிலும் வெளிவந்தன.

ஆனால் அந்த அரசன் யார்? இந்நாட்டுப் புராணங்களின் அரசர் பட்டியலில் அப்பெயர் இல்லை. ஜார்ஜ் டர்னர் அப்போதுதான் இலங்கையில் மொழிபெயர்த்திருந்த மகாவம்சத்தில், தேவனாம்பிரிய திஸ்ஸன் என்னும் இலங்கை மன்னன் பேசப்படுகிறான். பெயர் பொருந்திற்று; மதமும் பொருந்திற்று. ஆகவே அவனே இவன் என்று பிரின்ஸெப் எழுதினார். இலங்கை மன்னன் டில்லியிலும் சம்பாரணிலும் எப்படித் தூண் நட்டான் என்னும் கேள்வி உறுத்திக்கொண்டேயிருந்தது. சில மாதங்களில் டர்னரே விடை அனுப்பினார். தீபவம்சம் என்னும் மற்றொரு பழைய நூலில், புத்தர் மறைந்து 218 ஆண்டுகளுக்குப் பின் முடிசூடிய பியதஸ்ஸி, சந்திரகுப்தனின் பேரன், பிந்துசாரனின் மகன் என்று கண்டிருந்தது. அப்படியாயின் அவன் அசோகன். தம் கருத்தை மறுக்கும் இச்செய்தியைப் பிரின்ஸெப் தாம் நடத்திய இதழிலேயே வெளியிட்டார். அதனை ஏற்றும் கொண்டார். நம் முன்னோர் காண்டல், கருதல், உரை என்று அறிவின் வாயில்களைப் பகுத்துச் சொல்வர். கண்ணாற் கண்ட கல்லும், கருதிப் பெற்ற எழுத்தும் சொல்லாததை இங்கே பிக்குகள் வழிவழியாகக் காத்த உரை சொல்லிற்று.

அந்த உரையையும் சோதிக்க ஒரு வாய்ப்பு நேர்ந்தது. 1838-இல் மேற்கே கிர்நார் மலைப்பாறையின் படியும், கிழக்கே ஒரிஸ்ஸாவில் கிட்டோ எடுத்த தௌலிப் பாறையின் படியும் அவர்முன் இருந்தன. பெரும்பகுதி ஒரே வாசகம் என்று கண்டு, ஒன்றில் தேய்ந்ததை மற்றொன்றால் நிரப்பினார். அதன் இரண்டாம் சாசனத்தில், அந்தியோகன் என்னும் யவன அரசன் பெயர் வந்தது. ஆசைப்பட்ட கண்ணுக்கு எதுவும் தெரியும் என்பதை அவர் அறிவார். இரு பாறைகளிலும் அப்பெயர் இருப்பதை ஒப்பிட்டுப் பார்த்தார். கிர்நாரில் ஐயமுள்ள எழுத்துக்களைப் புதிதாகப் படியெடுத்துவர வேண்டுமென்று அரசாங்கத்துக்கும் எழுதினார். அந்தியோகஸ், தாலமி முதலிய கிரேக்க மன்னரின் காலம் ஐரோப்பியச் சரித்திரத்தில் முன்பே தெரிந்திருந்தது. சந்திரகுப்தனின் பேரன் வாழ வேண்டிய காலமும் அதுவே. தீபவம்சம் எழுதிய பிக்குகளுக்குக் கிர்நார்ப் பாறையைத் தெரியாது. கிரேக்க ஆசிரியர்களுக்குத் தீபவம்சத்தைத் தெரியாது. ஒன்றையொன்று அறியாத சாட்சிகள் ஒரே சொல்லைச் சொல்லின!

அதே இரண்டாம் சாசனத்தில்தான் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் என நம் தென்னாட்டவர் பெயர்களும் வருகின்றன. தன் நாட்டிலும், எல்லைக்கு அப்பாலுள்ள அவர்கள் நாடுகளிலும் மனிதர்க்கும் கால்நடைகளுக்கும் மருத்துவ வசதி ஏற்படுத்தியதாக அசோகன் கூறுகிறான். சங்க நூல்களுக்கு வெளியே மூவேந்தர் குடிகளுக்குக் கிடைத்த மிகப் பழைய கற்சாட்சி இது. நம்மவர் இதனை ஒருமுறையேனும் நினைவுகூர்தல் தகும் என்று கருதுகிறோம்.

இதே காலத்தில், இந்தோ-கிரேக்கக் காசுகளைக் கொண்டு வடமேற்கு நாட்டின் கரோஷ்டி எழுத்தையும் பெரும்பாலும் படித்துவிட்டார். பகலில் தங்கசாலை வேலை, இரவில் கல்லெழுத்து என்று ஓய்வின்றி உழைத்ததால் 1838-இல் கடுந்தலைவலி கண்டது. அவ்வாண்டு அக்டோபரில் மனைவியுடன் கப்பலேற்றி அனுப்பினர். இங்கிலாந்து சேர்ந்தும் அறிவு தெளியவில்லை. தாம் கண்டறிந்தவற்றைத் தாமே நினைவுகூர இயலாத நிலையில், 1840-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் நாள், 40 வயதில், இலண்டனிற் காலமானார். கல்கத்தா மக்கள் ஹூக்ளி நதிக்கரையில் அவர் பெயரால் எழுப்பிய தூண்மண்டபத் துறையை அங்குள்ள நம் அன்பர்கள் அறிவர்.

அவர் மறைந்தபோது ஒரு குறை எஞ்சியிருந்தது. அதுவரை கிடைத்த சாசனம் எதிலும் அசோகன் என்னும் பெயர் நேரே இல்லை. பிரியதர்சியே அசோகன் என்பது அனுமானமாகவே நின்றது. 1915-இல், அன்றைய நிஜாம் ராஜ்யத்து ரெய்ச்சூர்ப் பகுதியில் பொன் தேடிச் சென்ற பீடன் என்னும் சுரங்கப் பொறியாளர், மாஸ்கி என்னும் ஊரின் பாறையில் எழுத்துக்களைக் கண்டார். தேவனாம்பிரியன் என்பதோடு அசோகன் என்னும் பெயரும் அதில் வெட்டப்பட்டிருந்தது. டர்னர் சொன்னது சரியென்று கல்லே சொல்ல 78 ஆண்டுகள் ஆயின. அசோகனின் சிங்கத் தூணுச்சி 1950-இல் நம் குடியரசின் முத்திரையாகி, ரூபாய் நாணயத்திலும் ஏறியது.

மதுரை, திருநெல்வேலிப் பகுதிக் குகைகளிலும் இவ்வகை எழுத்துக்கள் உண்டு. எழுத்துத் தெரிந்தும் அவற்றின் வாசகம் நெடுநாள் விளங்கவில்லை. வடநாட்டிற்போலப் பிராகிருத மொழியாகத்தான் இருக்கவேண்டும் என்று பலர் கொண்டமையே காரணம். அவை தமிழே என்பதை 1924-இல் சென்னையில் நடந்த கீழ்த்திசை அறிஞர் மகாநாட்டில் கே. வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டினார். முனிவர் படுப்பதற்குக் கற்படுக்கை வெட்டிக் கொடுத்தவர்களின் பெயர்கள் அவற்றுள் காணப்படுகின்றன.