நகருக்கு மருந்திட்ட நல்லாசான் பேட்ரிக் கெடிஸ்

மலர்க்குழுவினர் என்னிடம் கேட்டது ஒரு கவிஞரின் வரலாறு. நான் தருவதோ தாவரவியல் பேராசிரியர் ஒருவரின் வரலாறு. பத்தாண்டுகளாக நம் வட்டம் மாதந்தோறும் கூடிவரும் பழைய பள்ளிக்கூடத்தின் ஓட்டுக் கூடத்தை இடித்துவிடலாமா, செப்பனிடலாமா என்னும் பேச்சு இவ்வாண்டு எழுந்துள்ளது. அது செவியில் விழுந்த நாள்முதல் இப்பெரியாரின் நினைவு என்னை விட்டு அகலவில்லை.

பேட்ரிக் கெடிஸ் 1854ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் ஸ்காட்லாந்தின் பாலட்டர் என்னும் சிற்றூரில் பிறந்தார். லண்டனில் ஹக்ஸ்லியிடம் உயிரியல் கற்றார். 1879இல் ஆய்வுப் பணிக்காக மெக்சிகோ சென்றவிடத்துக் கண்ணொளி மங்கிற்று. இருட்டறையில் கண்கட்டுடன் கிடந்த நாள்களில், சன்னலின் சட்டங்களை விரலால் தடவித் தடவி, எண்ணங்களைக் கட்டங்களாக அடுக்கிப் பார்க்கும் முறையொன்றை வகுத்துக்கொண்டார். பார்வை மீண்டது. ஆயினும் நுண்ணோக்கியில் நெடுநேரம் கண்பதிக்க இயலாமற் போயிற்று. உயிரணுவை ஆய்ந்தவர் ஊரை ஆயத் தலைப்பட்டது இதன் பின்னரே.

எடின்பரோவின் பழைய நகர் கோட்டைக் குன்றின் சரிவில் அமைந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டுச் செல்வர்கள் புதிய நகருக்குக் குடிபெயர, அவர்கள் விட்டுச்சென்ற அடுக்கு மாளிகைகளில் ஏழைக் குடும்பங்கள் நெருங்கி வாழலாயின. 1886இல் அன்னா மார்ட்டனை மணந்த கெடிஸ், நல்ல தெருவில் வீடு தேடவில்லை. ஜேம்ஸ் கோர்ட் என்னும் முற்றத்து நெரிசல் குடியிருப்பிலேயே மனைவியுடன் குடியேறினார். அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து முற்றம் கூட்டினார். சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார். சன்னல்களில் பூச்செடி வைத்தார். சீர்திருத்தம் பேசுவோர் பலர். அது வேண்டிய தெருவிலேயே குடியிருந்து பார்த்தவர் சிலரே.

அண்மையில் இருந்த ரிடில்ஸ் கோர்ட் பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் மக்மோரன் என்னும் வணிகர் எழுப்பிய மனை. விடுமுறை மறுக்கப்பட்ட சினத்தில் பள்ளியைக் கைப்பற்றி உள்ளிருந்து தாழிட்டுக்கொண்ட மாணவர்களை அடக்கச் சென்று, 1595இல் ஒரு மாணவனின் துப்பாக்கிக்கு இரையானவர் அவர். அம்மனையைக் கெடிஸ் மாணவர் விடுதியாகச் செப்பனிட்டார். மாணவனால் மாண்டவரின் வீடு மாணவர்க்கே உறைவிடமான விந்தையை நம் கவிஞர்கள் எவரேனும் பாடலாம்.

கவிஞர்களுக்கு உரிய செய்தி இன்னும் ஒன்றுண்டு. ஆலன் ராம்சே பொய்ம்முடி செய்பவராகத் தொடங்கிப் புத்தக வணிகராகி, இரவல் நூலகம் நடத்திய கவிஞர், 1758இல் மறைந்தார். கோட்டையருகே அவர் கட்டிய எண்கோண வீட்டைக் கெடிஸ் இடிக்கவில்லை. அதனைக் கருவாகக் கொண்டு, சுற்றிலும் புதிய இல்லங்களை எழுப்பி, ராம்சே கார்டன் என்னும் குடியிருப்பை 1890களில் உருவாக்கினார். அங்கிருந்தே ‘எவர்கிரீன்’ என்னும் பருவ இதழை 1895-96இல் நான்கு தொகுதிகளாக வெளியிட்டார். அருகிலிருந்த கோபுரமொன்றை 1892இல் நோக்குக் கோபுரமாக்கினார். மேலிருந்து தன் ஊரைப் பார்த்துவிட்டு, தளம் தளமாக இறங்கி நாட்டையும் ஐரோப்பாவையும் உலகையும் அறியும்படி அமைந்த கல்விக்கூடம் அது.

குறையும் சொல்லவேண்டும். அழகுற எழுந்த ராம்சே கார்டனில் குடியேறியவர்கள் பேராசிரியரும் கலைஞரும் மாணவருமே; பழைய நகரின் ஏழைகள் அல்லர். கடனும் கழுத்தை நெரித்தது. 1896இல் நண்பர்கள் ஒரு நிறுவனம் அமைத்துக் கட்டடங்களின் பொறுப்பை ஏற்கவேண்டியதாயிற்று. எளியோருக்கு நேரே பயன்பட்டவை, பாழிடங்களைத் திருத்தி அவர் மகள் நோரா பொறுப்பில் வளர்ந்த சிறு தோட்டங்களே என்பது என் கருத்து.

1914இல் சென்னை ஆளுநர் பென்ட்லண்ட் அழைப்பின்பேரில் இந்தியா வந்தார். தம் நகரமைப்புக் கண்காட்சியைக் கப்பலில் ஏற்றி அனுப்பியிருந்தார். சென்னையைக் குண்டுவீசிக் கலக்கிய அதே எம்டன், அக்கப்பலையும் கடலில் மூழ்கடித்தது. (தந்திரக்காரனை எம்டன் என நாம் இன்றும் சொல்கிறோம்!) பல்லாண்டு உழைப்பு ஒரே நாளில் போயிற்று. நண்பர்கள் புதிதாகத் திரட்டி அனுப்பியதைக் கொண்டு, 1915இல் சென்னையிலேயே கண்காட்சியை நடத்திக் காட்டினார்.

அக்காலத்தில் தமிழகக் கோயில் நகரங்களைக் காலால் நடந்து அளந்தார். தேரோடும் அகன்ற வீதிகளை வியந்தார். தஞ்சையில் நெரிசலைப் போக்க, வீடுகளை வெட்டி நேர்ச்சாலை போடும் திட்டம் இருந்தது. கெடிஸ் சந்து சந்தாக, வீடு வீடாக வரைபடம் குறித்தார். மிகவும் சிதைந்த சில வீடுகளை மட்டும் நீக்கி, வெற்றிடங்களைச் சேர்த்து, மரம் நட்டால் இருக்கும் சந்துகளே போதும் என்றும், செலவும் பெரிதும் குறையும் என்றும் காட்டினார். நோயுற்ற உறுப்பை மட்டும் தொட்டு, உடலைக் காக்கும் அறுவை முறை இது. கொசுவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்க்க முனைந்த அதிகாரிகளோடும் வாதாடினார். குளத்தைத் தூய்மை செய்து மீன் வளர்க்கச் சொன்னார்.

1917 அவருக்குக் கொடிய ஆண்டு. மூத்த மகன் அலஸ்டர் பிரான்சுப் போர்க்களத்தில் மாண்டான். நோயுற்றுக் கிடந்த அன்னாவிடம் அச்செய்தியை மறைத்தே வைத்தார். சில வாரங்களில் அவரும் கல்கத்தாவில் மறைந்தார். இரு துயரங்களையும் சுமந்தவாறே இந்தூரில் பணி தொடர்ந்தது. தீபாவளி ஊர்வலம் மிகத் தூய்மையான தெருக்கள் வழியே செல்லும் என அங்கே அறிவிக்கச் செய்தார். ஊரே வீடு வெளுத்தது. அவ்வூர்வலத்தில் துப்புரவுத் தொழிலாளரும் புத்தாடையுடன் சிறப்பிடம் பெற்றனர்.

பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் 1919 முதல் சமூகவியல் கற்பித்தார். அறிவியலாளர் ஜகதீச சந்திர போஸின் வாழ்க்கை வரலாற்றை 1920இல் எழுதினார். பின்னர்ப் பிரான்சின் மோன்பெலியேயில் கல்லூரி நிறுவி, 1932 ஏப்ரல் 17இல் அங்கேயே காலமானார். ரிடில்ஸ் கோர்ட் மனை மீண்டும் செப்பனிடப்பட்டு, 2017இல் அவர் பெயர் தாங்கிய கற்றல் மையமாகத் திறக்கப்பட்டது.

அடுத்த கூட்டத்துக்கு வரும் உறுப்பினர்கள் சற்று முன்னதாகவே வந்து, நம் கூடத்தைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்க்க வேண்டுகிறேன். ஈரம் ஏறியிருப்பது வடக்குச் சுவர் ஒன்றில் மட்டுமே.